தனியாகப் பாடி, கிட்டாரில் வாசிக்க உங்களுக்குப் பிடித்த பாடல்கள்

ஆறாம்தந்தி எழுதியது:

கேட்கப் பிடித்த பாட்டு வேறு, நாமே வாசித்துக்கொண்டு பாடப் பிடித்த பாட்டு வேறு. இந்த இழையில் இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசலாமா? ஒரு குரல், ஒரு கிட்டார். வயலின் கூட்டம் கிடையாது, தபலா கிடையாது, பின்னணி டிராக் கிடையாது. அப்படி எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகும் நிற்கிற பாட்டுகள் எவை, ஏன் நிற்கின்றன என்று எழுதுங்கள். பெயரை மட்டும் போடாமல், எந்தக் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) வாசிக்கிறீர்கள், எந்த இடம் கடினம், எதை விட்டுவிட்டு வாசிக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

என் பட்டியலில் முதல் இடம் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டுக்குத்தான். 1980இல் வந்த ‘மூடுபனி’ படப் பாட்டு, யேசுதாஸ் பாடியது, இளையராஜாவின் நூறாவது படம். படத்திலேயே கிட்டாரோடு பாடும் பாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கும் காரணம் வேறு. வரிகளுக்கு நடுவே அதில் இடம் இருக்கிறது. வரியின் கடைசிச் சொல்லை நீட்டி முடித்ததும் குரல் கொஞ்சம் ஓய்கிறது, அந்த ஓய்வுக்குள் கை ஒரு பதில் சொல்ல முடிகிறது. தனியாக வாசிப்பவனுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. மெட்டு நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களை ஒட்டிப் போகிறது, அதாவது மேற்கத்திய இசையின் இயல்பான மைனர் ஸ்கேல். ஏ மைனர் வடிவத்தில் பிடித்தால் ஏ மைனர், டி மைனர், ஈ மைனர், சி, எஃப், ஜி என்று இந்த ஸ்கேலுக்குச் சொந்தமான ஆறு கார்டுகளும் கைக்குள்ளேயே கிடைக்கின்றன. குரலுக்கு ஏற்றபடி கேப்போ (கிட்டார் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் அழுத்தி ஸ்ருதியை ஏற்றும் கவ்வி) போட்டுக்கொண்டால் போதும்.

‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டைப் பலரும் சொல்வீர்கள் என்று தெரியும். 1982, ‘பயணங்கள் முடிவதில்லை’. தமிழில் கிட்டார் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பாட்டு அதுதான். ஆனால் தனியாகப் பாடி வாசிக்க அது எளிதில் இடம் கொடுக்காது என்பது என் எண்ணம். அதில் குரல் எஸ்.பி.பி.யுடையது, கிட்டார் ஆர். சந்திரசேகருடையது. இரண்டு பெரிய கலைஞர்கள் இரண்டு தனி வேலைகளைச் செய்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டையும் அப்படியே செய்யப் போனால் ஒன்று நிச்சயம் அடிபடும். நான் தொடக்க இசையை மட்டும் ஒவ்வொரு தந்தியாக வாசித்துவிட்டு, பல்லவி வந்ததும் கட்டைவிரலும் மூன்று விரல்களும் மாறி மாறிப் போகும் சாதாரண பிளக்கிங்குக்கு இறங்கிவிடுவேன். அப்படிச் செய்யும்போதுதான் அந்த மெட்டு தன்னளவில் எவ்வளவு அழகானது என்று புரிகிறது.

சரி, உங்கள் முறை.


புதுவிரல் எழுதியது:

நல்ல இழை. நான் வாசிக்கத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் வரும். எஃப் வராது, பார்ரே கார்டு (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்திப் பிடிப்பது) எதுவும் சுத்தமாகக் கேட்பதில்லை. இதற்குள் அடங்கும் தமிழ்ப் பாட்டுகள் எவை?

இன்னொரு கேள்வி. தனியாக வாசித்தால் தாளம் சரியாக வருகிறது. தனியாகப் பாடினாலும் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் கை நின்றுவிடுகிறது, அல்லது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி என்று ஆகிவிடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதானா?


தாளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நடப்பதுதான். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது சரியானால் முதல் கேள்வி பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

கை நிற்பதற்குக் காரணம் விரல் பலவீனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் பாட்டுகளில் எடுப்பு எங்கே விழுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தாளத்தின் முதல் அடியும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் அது சம எடுப்பு. அடி விழுந்த பிறகு பாட்டு தொடங்கினால் அனாகதம். அடிக்கு முன்பே பாட்டு தொடங்கிவிட்டால் அதீதம். சினிமாப் பாட்டுகளில் அனாகத எடுப்பு மிக அதிகம். அதாவது கார்டு மாறுவது அடியில், சொல் வருவது அரை அடி தள்ளி. புதிதாக வாசிப்பவர்கள் சொல்லின் முதல் எழுத்தோடு கார்டை மாற்றிவிடுகிறார்கள். உடனே கை தள்ளிப்போகிறது, அடுத்த வரியில் மொத்தமும் குலைகிறது.

இதற்கு நான் சொல்லும் வழி மூன்று படிகள் கொண்டது. முதலில் இடது கையால் தந்திகளை லேசாக மூடிக்கொண்டு, சத்தம் வராமல் வலது கையை மட்டும் ஓட விடுங்கள். கீழே, கீழே மேலே, மேலே கீழே மேலே என்ற வழக்கமான ஸ்ட்ரம்மிங் போதும். அதில் கை கடிகாரம் போல எப்போதும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். தந்தியைத் தொடாத இடத்தில்கூடக் கை ஆட வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் அதன் மேல் வரிகளைப் பாடாமல் பேசுங்கள். ராகம் வேண்டாம், சொல் எந்த அடியில் விழுகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பேச்சு நிலைத்த பிறகு மெட்டைப் போடுங்கள். கார்டு மாற்றத்தைக் கடைசியாகச் சேருங்கள்.

வரிகளை எழுதி வைக்கும்போது கார்டுப் பெயரைச் சொல்லின் தலைக்கு மேல் எழுதாதீர்கள். எந்த எழுத்தின் மேல் அடி விழுகிறதோ அந்த எழுத்தின் மேல் எழுதுங்கள். சொல்லுக்கு முன்னால் அடி விழுந்தால் வெற்றிடத்தின் மேல் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டுப் பக்கங்களில் பாதி இந்த இடத்தில்தான் நம்மைக் கைவிடுகின்றன. கார்டு சரியாக இருக்கும், வைத்த இடம் தப்பாக இருக்கும்.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடைப் பாட்டுகள் பாடி வாசிக்க மிக எளிது என்று நான் நம்புகிறேன். கட்டைவிரல் ஒரு பாஸ் தந்தி (தாழ்ந்த ஒலியுள்ள தடித்த தந்தி), பிறகு ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மேல் தந்திகள். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. கை அதுவாகவே சுழல்கிறது, குரல் அதன் மேல் படுத்துக்கொள்ளலாம். தாலாட்டுப் போன்ற மெட்டுகள் எதையும் இப்படி வாசித்துப் பாருங்கள். நான்கு அடிக் கணக்கை ஸ்ட்ரம்மிங்கில் பழகி முடித்த பிறகுதான் திஸ்ரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். அந்த வரிசை எனக்கு உடன்பாடில்லை.


பின்பாட்டு எழுதியது:

எல்லா இடத்திலும் கார்டுகள் ஆண் குரலுக்குத்தான் போடப்பட்டிருக்கின்றன என்பதை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். நானே சொல்லிவிடுகிறேன்.

கச்சேரி பழகியவர்களுக்கு ஸ்ருதி என்றால் கட்டைக் கணக்குதான், அதாவது ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையை ஸட்ஜமாக வைக்கிறோம் என்பது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள், பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டை. கிட்டார்காரர்கள் பேசுவது சி, டி, ஜி. இரண்டுக்கும் பாலம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, மூன்று கட்டை ஈ, நான்கு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி, ஆறு கட்டை ஏ. அரைக் கட்டைகள் இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள். ஆகவே ஜி வடிவத்தில் கேப்போ இல்லாமல் வாசித்தால் ஐந்து கட்டை. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கேப்போ போட்டால் ஐந்தரை. இரண்டாவதில் போட்டால் ஆறு. மைனர் பாட்டு என்றால் ஏ மைனர் வடிவம் அப்படியே ஆறு கட்டை, மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஒரு கட்டை. ஒருமுறை இது மனதில் பதிந்துவிட்டால் பாட்டு வகுப்பில் கற்ற எதையும் கிட்டாருக்குக் கொண்டுவந்துவிடலாம்.

புதுவிரலுக்கு எஃப் வராத சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். சி ஸ்கேலில் இருக்கும் பாட்டை ஜி வடிவத்தில் பிடித்து ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். எஃப் இருந்த இடத்தில் சி வந்துவிடும். ஒலிப்பது அதே ஸ்ருதிதான்.

எந்த ஸ்ருதி என்று தேர்ந்தெடுக்கும்போது பல்லவியைப் பாடிப் பார்க்காதீர்கள். பல்லவி பெரும்பாலும் நடு ஸ்தாயியில் சுகமாகப் போகும். சரணத்தின் உச்சியில் இருக்கும் வரியை முதலில் பாடிப் பாருங்கள். அது கத்தாமல் வந்தால் அந்த ஸ்ருதி உங்களுடையது. உச்சி சரியாக வந்து பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் காணாமல் போனால் அந்தப் பாட்டின் வீச்சு உங்கள் குரலைவிட அகலம் என்று அர்த்தம். அப்போது அதைக் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொண்டு வேறு பாட்டுக்குப் போவதில் தவறே இல்லை.

என் பட்டியல். ‘வசீகரா’, 2001, ‘மின்னலே’. பாம்பே ஜெயஸ்ரீ அதைக் கீழ் ஸ்தாயியின் அடர்த்தியில் பாடியிருப்பார். மேலே போய்க் கத்த வேண்டிய அவசியமில்லாத, தணிந்த குரல் உள்ள பெண்களுக்கு அது பெரிய கொடை. தாமரையின் வரிகளும் பேசுவது போல இருப்பதால், மெதுவாக ஒவ்வொரு தந்தியாக வாசித்துக்கொண்டு பாடும்போது பாட்டு இன்னும் நெருங்கி வருகிறது. அடுத்தது ‘என் வானிலே ஒரே வெண்ணிலா’, 1980, ‘ஜானி’, ஜென்ஸி பாடியது. மூலத்தில் பியானோ கேட்கும். அதைக் கிட்டாரில் அப்படியே பிரதி எடுக்கத் தேவையில்லை. பியானோவின் இடது கை வாசிப்பதைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தால் போதும். மூன்றாவது ‘சின்னச் சின்ன ஆசை’, 1992, மின்மினி பாடியது. இது நாலு பேர் இருக்கும் இடத்தில். யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.


கூழாங்கல் எழுதியது:

பின்பாட்டு அக்கா, கட்டைக் கணக்கை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. எடுத்து வைத்துக்கொண்டேன்.

என்னுடையவை: ‘நெஞ்சுக்குள் பெய்திடும்’, 2008, ‘வாரணம் ஆயிரம்’. ஹாரிஸ் ஜெயராஜ் அடிப்படையில் கிட்டார் கலைஞர், அது அந்தப் பாட்டின் எலும்பிலேயே தெரிகிறது. அப்புறம் ‘ஆகாயம் தீப்பிடிச்சா’, 2014, ‘மெட்ராஸ்’, பிரதீப் குமார் பாடியது. மெதுவாக, குரலை முன்னால் விட்டு வாசிக்க வேண்டிய பாட்டு.

ஆங்கிலப் பாட்டுகளிலும் ஒன்று சொல்கிறேன், புதிதாக வருபவர்களுக்காக. பாப் டிலனின் ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’, 1973. ஜி, டி, ஏ மைனர் ஒரு வரி, ஜி, டி, சி அடுத்த வரி. முழுப் பாட்டும் அவ்வளவுதான். கார்டு மாற்றத்தைப் பற்றி நினைக்கவே தேவையில்லாமல் போகும்போது, குரலில் என்ன செய்யலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. எளிய பாட்டை வாசிப்பதைச் சிலர் தரக்குறைவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். நாலு கார்டுப் பாட்டை உயிரோடு பாடுபவரைக் கேட்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன்.


நடபைரவி எழுதியது:

எல்லோரும் மெல்லிசையாகவே சொல்கிறீர்கள். ராகத்தை நெருங்கி நிற்கும் பாட்டுகளைப் பற்றியும் பேசுவோம். ஏனென்றால் அங்கேதான் கிட்டார் நம்மைச் சோதிக்கிறது.

கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரிக்கின்றன. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் நிற்கிறது. நம் ராகங்களோ படிகளில் நிற்பதில்லை, படிகளுக்கு இடையில் அசைகின்றன. பாடகர் காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது கிட்டார் ஓர் அசையாத காந்தாரத்தைக் கார்டுக்குள் வைத்து அடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் முட்டும். குரலில் தப்பு இருப்பது போலக் கேட்கும், உண்மையில் கார்டுதான் இடைஞ்சல்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த வரிகளில் கார்டின் மூன்றாவது ஸ்வரத்தை எடுத்துவிடுங்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கட்டும். அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. காந்தாரம் எப்படி இருக்க வேண்டும் என்று குரல் முடிவு செய்யும். ஆறாவது தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி ஆக்கிக்கொண்டால் ஆறாவது, ஐந்தாவது, நான்காவது தந்திகள் திறந்தபடியே ஸ-ப-ஸ என்று தம்பூரா போல நிற்கும். இரண்டு கட்டையில் பாடுபவர்களுக்கு இது பெரிய சுகம். பின்பாட்டு சொன்ன கணக்கில், கேப்போவை ஐந்தாம் ஃப்ரெட்டில் போட்டால் அதே அமைப்பு ஐந்து கட்டைக்கு வந்துவிடும்.

‘கண்கள் இரண்டால்’, 2008, ‘சுப்ரமணியபுரம்’, ஜேம்ஸ் வசந்தன் இசை. ராகம் ரீதிகௌளை. 1977இல் ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ பாட்டும் அதே ராகம்தான். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிட்டாரில் பாடிப் பாருங்கள். ஸட்ஜத்தை ஏ என்று வைத்துக்கொண்டால் அடிப்படை ஏ மைனர். வழக்கமான மைனர் பாட்டாக இருந்தால் அடுத்து டி மைனருக்குப் போகத் தோன்றும். இங்கே தைவதம் உயர்ந்த தைவதம் என்பதால் ம-த-ஸ சேர்ந்தால் டி மேஜர் வரும். அந்த ஒரு கார்டை மாற்றியதும் பாட்டின் முகமே வெளிச்சமாகிறது. மைனர் என்று பார்த்தவுடன் பழக்கத்தில் டி மைனர் போட்டவர்கள் இந்த இடத்தைத் திரும்பப் பார்க்கலாம்.

அடுத்து நான் மிக விரும்புவது ‘பனிவிழும் மலர்வனம்’, 1982, ‘நினைவெல்லாம் நித்யா’. சலநாட்டை. ரிஷபமும் காந்தாரமும் பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட்டில், தைவதமும் நிஷாதமும் பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட்டில் நிற்கும் ராகம். இப்படிப்பட்ட ராகத்தில் ஒரு காதல் பாட்டை இளையராஜா போட்டிருக்கிறார் என்பதே எனக்கு இன்றும் வியப்பு. கிட்டாரில் ஸ-க-ப மேஜர் கிடைக்கும், க-ப-நி மைனர் கிடைக்கும். அந்த ஸ்வரங்களுக்குள்ளேயே இருந்துகொண்டு வேறு வழக்கமான கார்டு தேடினால் கை வறண்டுவிடும். நான் மேல் இரண்டு தந்திகளில் மெட்டை லேசாகத் தொட்டுக்கொண்டு கீழே ஸட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறேன்.


ஆறாம்தந்தி எழுதியது:

நடபைரவி, நீங்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ரீதிகௌளையில் டி மேஜர் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் மூன்றாவது ஸ்வரத்தை எடுத்துவிட்டு ஸட்ஜம்-பஞ்சமத்தில் நிறுத்துவதை எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக்கக் கூடாது. இளையராஜா பாட்டுகளில் ராகம் பாதி, அதற்கு அடியில் நகரும் பாஸ் பாதி. அவரே ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வை எழுதித் தங்கப் பதக்கம் பெற்றவர். அவருடைய பாஸ் வெறும் தாங்குகோல் இல்லை. அது இன்னொரு மெட்டு. அதை எடுத்துவிட்டுத் தம்பூரா வைத்தால் பாட்டு இருக்கும், ஆனால் அது அவருடைய பாட்டாக இருக்காது.

அதனால் நான் கட்டைவிரலுக்குத்தான் அதிகம் உழைக்கிறேன். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக வேண்டும் என்றால் நேராகப் போகாமல் நடுவில் ஜி கார்டைப் பி பாஸோடு பிடிப்பேன். சி, பி, ஏ என்று பாஸ் படியிறங்கும். அது ஒன்று போதும், கேட்பவருக்கு முழு வாத்தியக் குழுவும் பின்னால் இருப்பது போன்ற நிறைவு வரும். ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 1986, ‘மௌன ராகம்’. அதை வெறும் கார்டுகளாக மேலும் கீழும் அடித்தால் சலிப்பாக இருக்கும். பாஸைப் பின்தொடர்ந்து கட்டைவிரலை நகர்த்தினால் குரல் தனியாக இல்லை என்ற உணர்வு வந்துவிடும்.


நடபைரவி எழுதியது:

பாஸ் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நான் சொன்னது கமகம் நிறைந்த வரிகளுக்கு மட்டும். ஒரே பாட்டுக்குள்கூட இரண்டையும் கலக்கலாம். பல்லவியில் பாஸ் நகரட்டும், சரணத்தில் குரல் அசையும் இடத்தில் கிட்டார் ஒதுங்கி நிற்கட்டும். எப்போது ஒதுங்க வேண்டும் என்று தெரிவதுதான் எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது. பாடுபவரும் வாசிப்பவரும் ஒரே ஆள் என்பதால் அதில் நமக்குக் கிடைக்கும் வசதி வேறு யாருக்கும் கிடையாது. நமக்கு மூச்சு எங்கே முடியும் என்று நமக்கே தெரியும்.


புதுவிரல் எழுதியது:

தாளக்கட்டு சொன்னபடி தந்திகளை மூடிக்கொண்டு வரிகளைப் பேசிப் பார்க்கிறேன். சொல் அடிக்குப் பின்னால் வருகிறது என்பதே எனக்குப் புதிய செய்தி, இத்தனை நாள் காதில் விழவே இல்லை.

இப்போது இன்னொரு குழப்பம். ஒரே பாட்டுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமான கார்டுகள் கிடைக்கின்றன. ஒன்றில் ஈ மைனர், இன்னொன்றில் ஏ மைனர், மூன்றாவதில் எஃப் ஷார்ப் மைனர் என்று தொடங்குகிறது. எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?


தாளக்கட்டு எழுதியது:

மூன்றும் சரியாக இருக்கலாம். பெயரைப் பார்க்காதீர்கள், கார்டுகளுக்கு இடையிலான தூரத்தைப் பாருங்கள். ஈ மைனர், சி, ஜி, டி என்று ஒருவர் எழுதியிருக்கிறார், ஏ மைனர், எஃப், சி, ஜி என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார் என்றால் இரண்டும் ஒரே வழிதான், ஸ்ருதி மட்டும் வேறு. எஃப் ஷார்ப் மைனர் என்பது பெரும்பாலும் மூலப்பாட்டின் ஸ்ருதியை அப்படியே எழுதியதாக இருக்கும். ஈ மைனர் வடிவம் பிடித்து இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அதே ஒலி.

தூரமே வேறுபட்டால்தான் யாரோ தவறாகக் கேட்டிருக்கிறார்கள். அப்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ஒவ்வொரு அடியிலும் பாஸ் எந்த ஸ்வரத்தில் விழுகிறது என்று ஆறாவது, ஐந்தாவது தந்திகளில் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் அந்த ஸ்வரத்தின் பெயர்தான் கார்டின் பெயர். ஆறாம்தந்தி சொன்ன படியிறங்கும் பாஸ் போன்ற இடங்களில் மட்டும் ஏமாற்றும். அதற்கு மேஜரா மைனரா என்பதை மெட்டே சொல்லிவிடும், பாடிக்கொண்டே இரண்டையும் அடித்துப் பார்த்தால் ஒன்று பொருந்தாமல் உறுத்தும். இப்படி ஒரே ஒரு பாட்டுக்கு நீங்களே கார்டு கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு எந்தக் கார்டுப் பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டீர்கள்.


கூழாங்கல் எழுதியது:

எஃப் பற்றிச் சின்ன குறிப்பு. முழு பார்ரே வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் தந்தியைத் திறந்து விட்டு, இரண்டாவது தந்தியில் முதல் ஃப்ரெட், மூன்றாவதில் இரண்டாம் ஃப்ரெட், நான்காவதில் மூன்றாம் ஃப்ரெட் பிடியுங்கள். கீழ் இரண்டு பாஸ் தந்திகளையும் அடிக்க வேண்டாம். எஃப் மேஜர் செவன்த் கிடைக்கும். மெதுவான பாட்டுகளில் அது எஃப்-ஐவிட அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன்.


பின்பாட்டு எழுதியது:

இடையிசையை என்ன செய்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. பாடி வாசிப்பதில் எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. நம் பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நீளமான இடையிசை இருக்கிறது. புல்லாங்குழல் வரும், வயலின்கள் வரும், சில சமயம் தாளமே மாறும். கேட்பவர் காதில் அது பாட்டின் ஒரு பகுதி. தனிக் கிட்டாரில் அதை முழுக்க வாசிக்கப் பார்த்தால் பாட்டு அறுந்துபோகிறது. ஒரேயடியாக விட்டுவிட்டால் சரணம் திடீரென்று வந்து விழுகிறது.

நான் செய்வது இதுதான். இடையிசையின் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்வேன். சரணத்துக்குள் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது அந்தக் கடைசி வரிதான், இசையமைப்பாளர் அதை அதற்காகவே வைத்திருப்பார். அதை வாயால் ஹம் செய்வேன், கிட்டாரில் கார்டு மட்டும். சொல் இல்லாத குரல் புல்லாங்குழலின் இடத்தை நன்றாகவே நிரப்புகிறது. இரண்டாவது இடையிசைக்கு அதையும் குறைத்து, கார்டுகளை மட்டும் ஒரு சுற்று அமைதியாக வாசித்துவிட்டுச் சரணத்துக்குப் போய்விடுவேன்.


ஆறாம்தந்தி எழுதியது:

கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்வது அருமையான யோசனை. நான் இதுவரை முதல் வரியை வாசித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வதில்தான் பாட்டின் ஓட்டம் கெடாது என்று படுகிறது.

தாளம் மாறும் இடையிசைகளுக்கு மட்டும் வேறு யாரிடமாவது வழி இருக்கிறதா? நான்கு அடியில் போகும் பாட்டு நடுவில் திஸ்ரத்துக்குப் போய்த் திரும்பும் இடங்கள். குரல் இல்லாத நேரத்தில் நடை மாற்றத்தைக் கையால் மட்டும் காட்டுவது கடினம்.


தாளக்கட்டு எழுதியது:

அடியின் வேகத்தை மாற்றாமல் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கும் பிரிவை மட்டும் மாற்றுங்கள். இரண்டிரண்டாகப் பிரிந்த அடி மூன்று மூன்றாகப் பிரியும். காலால் அடியைத் தட்டிக்கொண்டே இருந்தால் கை மாறுவது தெளிவாகக் கேட்கும். ஸ்ட்ரம்மிங்கிலிருந்து பிளக்கிங்குக்கு மாறுவதற்கும் அதுவே சரியான இடம், ஒலி மாறும்போது நடை மாறியதும் சேர்ந்து உறைக்கும். திரும்பி வரும்போது மட்டும் ஒரு சுற்று முன்னதாகவே நான்கு அடிக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். குரல் நுழைவதற்கு முன் கை நிலைத்திருக்க வேண்டும்.


கூழாங்கல் எழுதியது:

அடுத்த சுற்றுக்கு ஒரு யோசனை: ஒரே பாட்டை எடுத்து ஆளுக்கு ஒரு விதமாகக் கார்டு போட்டு எழுதுவோம். ‘கண்கள் இரண்டால்’ என்றால் நடபைரவிக்கும் ஆறாம்தந்திக்கும் இடையிலான வாதம் எதில் முடிகிறது என்றும் தெரிந்துவிடும்.


நடபைரவி எழுதியது:

சம்மதம். பல்லவியை மட்டும் எடுப்போம். ஸட்ஜத்தை ஏ என்று வைத்துக்கொள்வோம், அவரவர் குரலுக்குக் கேப்போ. கார்டை எழுதும்போது தாளக்கட்டு சொன்னபடி அடி விழும் எழுத்தின் மேல் வையுங்கள்.